அந்த இரண்டு நிமிடம்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேடையில் ஒருவர் பேசியதைப் பாதிப் பேர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "ஜிஎஸ்டி தாக்கல் இரண்டு நிமிட வேலை. இதற்கு ஏன் இத்தனை புலம்பல்?" அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த நானும் வாய்திறக்கவில்லை. அந்த வெட்கம்தான் எழுத வைக்கிறது.

திருப்பூரில் பத்து பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மெஷின், போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன்; கம்பெனி தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. வரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரியாகப் போவது நாங்கள் உழைத்த நேரம் என்கிறேன். கூலியையே ஷிப்ட் கணக்கில் பேசும் ஊர் இது. என் யூனிட்டில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் அக்காவுக்கு எட்டு மணி நேர ஷிப்டுக்கு 600 ரூபாய். அவர் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய்க்கு மேல் வரி. 36 நிமிடம் தலை நிமிராமல் தைத்த காசு. அவரும் வரி கட்டுகிறவர் என்று எந்த மேடையிலாவது சொன்னார்களா?

"வாங்கிக் கட்டும் வரிதானே, உன் கைக்காசா?" என்பீர்கள். எங்கே வாங்கினேன்? பில்லில் ஐந்து சதவீதம் போடுகிறேன். கம்பெனி தொண்ணூறு நாள் கழித்துத் தருகிறது. ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது என்று சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். வரி மட்டும் மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வைத்ததை எடுத்துக் கட்டிவிட்டு, ஆட்களுக்குக் கடன் வாங்கித் தருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாமே என்கிறவர்கள், எனக்கு ஆர்டர் தரும் கம்பெனியிடம் கேளுங்கள். மாதத் தாக்கல்தான் வேண்டும் என்கிறார்கள்.

சாலையும் பள்ளிக்கூடமும் வரியில் வந்தவைதான். என் மகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். மறுக்கவில்லை.

சென்ற மாதம் 20ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு தாண்டியதும் தாமதக் கட்டணம் 50 ரூபாய். அக்காவின் 40 நிமிடம்.

காலையில் 200 பீஸ் போக வேண்டும். நான் சிக்கிக்கொண்டதால் அம்மா தனியாளாகப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். 68 வயது. சோமனூரில் தறிக்கு நூல்தார் சுற்றிக் காய்த்துப்போன கை. படுக்கச் சொன்னேன். உன் வேலை முடியட்டும் என்றார். முடியும்போது மணி ஒன்றே கால். காலையில் கத்தரி பிடித்த விரல்களை அவரால் மடக்க முடியவில்லை. அந்தக் கையோடுதான் டீ போட்டுத் தந்தார்.

இதற்குப் பெயர் புலம்பலாம். அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த 20ஆம் தேதி இரவு அந்த மேடையில் பேசியவர் எங்கள் யூனிட்டுக்கு வரட்டும். அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறேன். உட்கார்ந்து, அந்த இரண்டு நிமிடத்தை எனக்குக் காட்டட்டும்.