திங்கட்கிழமை வெர்சாய் போகாதீர்கள்

"பாரிஸில் திங்கட்கிழமை லூவ்ர் அருங்காட்சியகம் மூடியிருக்கும், அன்று வெர்சாய் போய்விடுங்கள்; பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டான மியூசியம் பாஸ் இருந்தால் ஈஃபில் கோபுரம் உட்பட எல்லாம் பார்க்கலாம்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். கிழமை அப்படியே தலைகீழ். லூவ்ருக்கு விடுமுறை செவ்வாய்தான். திங்களன்று மூடியிருப்பது வெர்சாய் அரண்மனை. ஓர்சே அருங்காட்சியகமும் அன்று கிடையாது. அவர் சொன்னபடி ரயிலேறினால் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வரலாம், அரண்மனைக்குள் இருக்கும் கண்ணாடி மண்டபத்தைப் பார்க்க முடியாது.

செவ்வாயும் வேண்டாம் என்பேன். லூவ்ர் மூடியதால் அந்தக் கூட்டமும் வெர்சாய்க்குத் திரும்பிவிடும். புதன், வியாழன் காலை பரவாயில்லை. ஆர்இஆர் சி என்ற புறநகர் ரயிலில் வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். அந்தத் தடத்துக்குப் பல கிளைகள் உண்டு, பலகையைப் பார்த்து ஏறுங்கள். அதே வளாகத்தில் இருக்கும் ட்ரியனான் மாளிகைகள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். முதலில் அரண்மனை, அப்புறம் அங்கே.

பாஸில் ஈஃபில் கோபுரம் சேராது, அதற்குத் தனி டிக்கெட். லூவ்ரும் வெர்சாயும் சேரும், ஆனால் பாஸ் கையில் இருந்தாலும் நேரத்தை முன்பதிவு செய்தாக வேண்டும். இசை நீரூற்றுக் காட்சி நடக்கும் நாட்களில் தோட்டத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு.