கவிதை இங்கே தாளோடு நின்றதில்லை
மேலே ஒருவர், “மேடையில் கவிதை சொல்லி ஆளை அழவைப்பது அமெரிக்காவிலிருந்து வந்த புதுப்பழக்கம், யாழ்ப்பாணத்தில் கவிதை தாளோடு சரி” என்று எழுதியிருக்கிறார். அது பிழை. 1980களில் சிகாகோவில் தொடங்கியது ஸ்லாம் என்ற போட்டி வடிவம் மட்டும்தான். ஈழத்துக் கவிஞர்களான மஹாகவியும் முருகையனும் அதற்கு முன்பே கவியரங்குகளில் கவிதை சொன்னவர்கள். நல்ல வரி விழுந்தால் பின்வரிசையிலிருந்து “திருப்பிச் சொல்லுங்கோ” என்று குரல் வரும். இரண்டாம் தரம் அதே வரி இன்னும் கனமாக இறங்கும்.

அப்புறம், செத்தவீட்டு ஒப்பாரியை எப்படி மறந்தீர்கள்? என் அம்மம்மா தமையனின் தலைமாட்டில் இருந்து “என்ர ராசா” என்று இழுத்தா. சொற்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். மூச்சு வாங்க அவ நிறுத்திய அந்த இடைவெளியில்தான் முற்றத்தில் நின்ற ஆம்பிளைகள் உடைந்து அழுதார்கள்.