சொல்லாமல் விடப்பட்ட மரணம்

காதல் கதை ஒன்றின் முடிவில் நாயகன் இறந்தானா இல்லையா என்பது தெளிவாகச் சொல்லப்படாமல் போனால், வாசகர்களும் பார்வையாளர்களும் உடனே இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். உடலைக் காட்டவில்லை, ஆகவே உயிரோடுதான் இருக்கிறான் என்கிறது ஓர் அணி. இவ்வளவு நடந்த பிறகு எப்படிப் பிழைத்திருக்க முடியும் என்று கேட்கிறது மற்றோர் அணி. இரு தரப்பாரும் மெனக்கெட்டுத் தடயங்களைத் திரட்டுகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்; ஒரு கதையை அவ்வளவு நேசிப்பவர்கள்தாம் அதற்குள் அவ்வளவு தேடுவார்கள். ஆனால் அந்த மரணத்தைச் சொல்லாமல் விட்டவர் யார், ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியை ஏனோ பெரும்பாலானவர்கள் எழுப்புவதே இல்லை.

உடலைக் கண்ணால் பார்க்காதவரை எவரும் சாகவில்லை என்ற விதி, தொடர்கதைகளும் சாகசப் படங்களும் நமக்குப் பழக்கிய விதி. அங்கே பாத்திரம் அடுத்த பாகத்தில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அந்த அளவுகோலை அப்படியே காதல் கதைக்குப் பொருத்தினால் கதை கையை விட்டு நழுவிவிடும் என்பது என் எண்ணம்.

இதற்கு நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் நாவல், ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிராண்டி 1853ஆம் ஆண்டு வெளியிட்ட 'வில்லெட்'. லூசி ஸ்னோ என்ற ஆசிரியை தன் கதையைத் தானே சொல்கிறாள். அவள் நேசிக்கும் பால் இமானுவேல், அவளுக்கென்று ஒரு பள்ளியை அமைத்துக் கொடுத்துவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறுகிறார். மூன்று ஆண்டுகள் கழிகின்றன. அவர் திரும்பி வரும் வேளையில் ஏழு நாட்கள் புயல் வீசுகிறது. அட்லாண்டிக் கடலெங்கும் கப்பல்களின் சிதைவுகள் மிதக்கின்றன. அந்த இடத்தில் லூசி சட்டென்று பேச்சை நிறுத்திவிடுகிறாள். அமைதியான நெஞ்சங்களைக் கலங்கச் செய்ய வேண்டாம், நம்பிக்கையோடு கற்பனை செய்பவர்கள் அப்படியே நம்பிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறாள். பிறகு, தன் காதலுக்குக் குறுக்கே நின்றவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள் என்று சில வரிகளில் சொல்லி விடைபெறுகிறாள். அவ்வளவுதான்.

பால் இறந்துவிட்டார் என்றே நான் வாசிக்கிறேன். அதற்குப் புயலைவிட வலுவான சான்று நாவலுக்குள்ளேயே இருக்கிறது. தன் தலை முழுவதும் நரைத்துவிட்ட முதுமையிலிருந்து இந்தக் கதையைச் சொல்வதாக லூசி தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறாள். அப்படிப்பட்டவள், பால் தொலைவில் இருந்த அந்த மூன்று ஆண்டுகளே தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான ஆண்டுகள் என்கிறாள். அவர் திரும்பி வந்து அவளை மணந்திருந்தால், கடிதங்களுக்காகக் காத்திருந்த அந்தக் காலம் எப்படி மற்ற எல்லாவற்றையும்விட இனியதாக இருந்திருக்கும்? ஆக, நடந்தது என்ன என்பது லூசிக்குத் தெரியும். தெரிந்தும் அதை வாயால் சொல்ல அவளால் முடியவில்லை. இங்கே தெளிவின்மை கடலில் இல்லை, சொல்பவளின் தொண்டையில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதாமலிருப்பது ஒன்றே அவருக்காக அவளால் இன்னும் செய்ய முடிந்த காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த முடிவு உருவான விதமும் இந்த விவாதத்துக்கு நெருக்கமானது. பால் கடலில் இறப்பதாகவே பிராண்டி மனத்தில் வகுத்திருந்தார் என்றும், சோகமான முடிவுகளை விரும்பாத அவருடைய தந்தை காதலர்களைச் சேர்த்து வைக்கும்படி கேட்டுக்கொண்டதால், முடிவை மாற்றாமல் அதன்மேல் ஒரு திரையை மட்டும் போட்டார் என்றும் எழுத்தாளர் எலிசபெத் காஸ்கெல் தாம் எழுதிய பிராண்டியின் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தந்தை பேட்ரிக் பிராண்டி அதற்குள் மனைவியையும் ஆறு பிள்ளைகளில் ஐந்து பேரையும் பறிகொடுத்திருந்தவர். எஞ்சிய ஒரே மகளின் கதையிலும் ஒரு மரணத்தைப் படிக்க நேர்ந்த முதியவரின் வேண்டுகோள் அது. நம்பிக்கையான முடிவைக் கேட்கும் வாசகரை முதிர்ச்சியற்றவர் என்று எவராவது எழுதினால் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

பாலுக்கு என்ன ஆயிற்று என்று வாசகிகள் கடிதம் எழுதிக் கேட்டபோதும் பிராண்டி நேரான பதில் தரவில்லை. மூழ்குவது, மணமுடிப்பது என்ற இரண்டு பயங்கரங்களில் இரக்கமுள்ளவர்கள் முதலாவதையே தேர்ந்துகொள்வார்கள் என்று தம் பதிப்பாளருக்கு வேடிக்கையாக எழுதினார். உறுதியான முடிவை மனத்தில் வைத்திருந்தவரே அதை வாசகர்கள்மேல் சுமத்த மறுத்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1997ஆம் ஆண்டு வெளிவந்த 'டைட்டானிக்' படத்தின் இறுதிக் காட்சியில் நிலைமை வேறு. முதிய ரோஸ் படுக்கையில் கிடக்கிறாள். பக்கத்தில், அவள் வாழ்ந்து தீர்த்த வாழ்வின் புகைப்படங்கள் வரிசையாக நிற்கின்றன. கேமரா கடலடிக்குச் செல்கிறது, துருப்பிடித்த கப்பல் ஒளி பெறுகிறது, படிக்கட்டில் அந்த இரவில் இறந்துபோன அவள் காதலன் ஜாக் காத்திருக்கிறான். கடிகாரம் கப்பல் மூழ்கிய 2.20 மணியைக் காட்டுகிறது. கூடியிருப்பவர்கள் அந்த இரவில் மாண்டவர்கள். இவற்றை வைத்து அவள் இறந்துவிட்டாள் என்கிறார்கள் பலர். உறக்கத்தில் காணும் கனவு என்று சொல்பவர்களுக்கும் இடமிருக்கிறது, ஏனென்றால் மூச்சு நின்றதைப் படம் எங்கும் காட்டுவதில்லை. இங்கே எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிக்கும் கதைசொல்லி இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர்கள் சந்திப்பது மாறப்போவதுமில்லை. அதனால்தான் அந்தக் காட்சியைப் பற்றிய சண்டை, எவ்வளவு நீண்டாலும், எவரையும் காயப்படுத்துவதில்லை. 'வில்லெட்'டில் அப்படியல்ல, பால் பிழைத்தார் என்று வைத்துக்கொண்டால் லூசி முழுவதுமாக வேறொரு பெண்ணாகிவிடுகிறாள், அவளுடைய மௌனத்துக்குப் பொருளே இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே எல்லா விளக்கங்களும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். கதைக்குள் இருப்பதை வைத்து வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் படம் வெளியான மறுவாரமே இயக்குநரைப் பிடித்து நிறுத்தி, அவன் இறந்தானா இல்லையா, ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள் என்று கேட்கும் நேர்காணல்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. கதைக்குள் காதலிக்குக் கிடைக்காத பதிலை நாம் மட்டும் வெளியே வாங்கிக்கொண்டால், அவளோடு சேர்ந்து காத்திருக்கக் கிடைத்த இடத்தை நாமே காலி செய்துவிடுகிறோம். அந்தக் கேள்வி கேட்கப்படும்போது பதில் சொல்லாமல் நகர்ந்துவிடும் படைப்பாளிகளுக்கு நான் நன்றி சொல்கிறேன்.