அம்மாமாருக்கு மட்டும் ஒரு வாய்ஸ் நோட்

அந்த வாய்ஸ் நோட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் அது போகாத வட்ஸ்அப் குரூப் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் கவனமே இல்லையாம். வேலைக்குப் போகும் அம்மாமார் போனைக் கொடுத்துவிட்டுத் தங்கள் பாட்டில் இருக்கிறார்களாம். சொன்னவர் படிப்பிக்கிறவர், அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

போனை நாங்களாகக் கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டிய பிறகு பாடங்களைப் போனுக்கு அனுப்பியது யார்? சரி, அது கொரோனாக் காலம். இன்றைக்கும் மொடல் பேப்பர் எதில் வருகிறது? இரவு ஏழரைக்கு, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், என் போனில்! கீழே இருக்கிற கொமினிகேஷன் கடை பூட்டினால் போட்டோகொப்பியும் இல்லை. பிறகு போனைக் கொடுக்காமல் எதைக் கொடுக்கிறது?

பாடசாலை 1.30க்கு விடுகிறது. காலி வீதி நெரிசலில் வேன் ஊர்ந்து வந்து, சோற்றை விழுங்கிவிட்டு ரியூசனுக்கு ஓடி, என் மகன் வீடு வர இருட்டிவிடும். அதன் பிறகும் கதிரையில் அசையாமல் இருக்க வேண்டுமாம். ஐந்தாம் ஆண்டில் எழுதுகிற புலமைப்பரிசில் பரீட்சையிலேயே முதலாம் வினாத்தாள் ஒரு மணித்தியாலம்தான், இரண்டு தாளுக்கும் நடுவில் இடைவேளையும் விடுகிறார்கள். பிள்ளைக்குக் கவனம் இல்லாமல் இல்லை, களைத்துப்போய் இருக்கிறான். ரியூசனுக்கு ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்பவர்கள் கொழும்பு வெட்டுப்புள்ளியை, அதுதான் அந்தப் பரீட்சையில் எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியை, பார்த்துவிட்டு வாருங்கள்.

"நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள்" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் நானும் அந்த விளக்கில்தான் படித்தேன். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, அதனால் நேரத்தோடேயே ஊதி அணைத்துவிடுவார்கள், படிப்பும் அதோடு சரி. பக்கத்தில் அம்மம்மா ஓலை பின்னிக்கொண்டிருப்பார். என் கணக்கு ஒன்றும் அவருக்கு விளங்காது. நான் எழும்பப் பார்த்தால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான், திரும்ப இருந்துவிடுவேன்.

மகனுக்கும் அதுதான் சரிவருகிறது. கேள்விகளைக் கொப்பியில் எழுதிக் கொடுத்து, போனைக் குசினியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டினால் இருபது நிமிடம் ஒழுங்காய்ச் செய்கிறான். பிறகு கொஞ்சம் துள்ளிவிட்டு வந்து மிச்சத்தைச் செய்வான். ஆனால் அந்த இருபது நிமிடம் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தத் தொடர்மாடியில் அம்மம்மா இல்லை. ஒபிசால் வந்து, சமைத்து, துவைத்து, அந்த ஆளாகவும் நானே இருக்க வேண்டும்.

அப்பாமார் எங்கே? அந்த வாய்ஸ் நோட்டில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் போன் பார்த்தால் களைப்பு, நாங்கள் பார்த்தால் பிள்ளை கெட்டுப்போகும். என் வீட்டுக்காரர் இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

கீழே புத்தி சொல்ல வரும் அண்ணாமார், உங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.