ஸ்ட்ராங்மேன் போட்டியை ஐஸ்லாந்து ஆரம்பிக்கல
உலகத்துலயே பெரிய பலசாலி யாருன்னு பாக்குற வேர்ல்ட்ஸ் ஸ்ட்ராங்கஸ்ட் மேன் போட்டியை ஆரம்பிச்சதே ஐஸ்லாந்துன்னு சொல்றீங்க, அது தப்புங்க. 1977ல கலிபோர்னியா யுனிவர்சல் ஸ்டூடியோவுலதான் முதல் போட்டி, ஜெயிச்சது அமெரிக்க வெயிட்லிஃப்டர் புரூஸ் வில்ஹெல்ம், அடுத்த வருஷமும் அவரேதான். அந்த முதல் போட்டியிலயே முதுகுல ஃப்ரிட்ஜைக் கட்டிக்கிட்டு ஓடுற ரேஸ்ல பாடிபில்டர் ஃபிராங்கோ கொலம்புவுக்கு கால் அப்படியே மடங்கிப்போச்சு, இன்னிக்கும் அந்த வீடியோவைப் பார்த்தா நமக்கே முட்டி வலிக்கும், அப்படியும் அவருக்கு அஞ்சாவது இடம். ஐஸ்லாந்துக்கு முதல் பட்டம் வந்தது 1984லதான், யோன் பால் சிக்மார்சன். அவரும் இன்னொரு ஐஸ்லாந்துக்காரர் மாக்னூஸ் வேரும் ஆளுக்கு நாலு தடவை ஜெயிச்சது பெரிய விஷயம்தான், சின்ன நாடு, எனக்கும் அவங்கள ரொம்பப் பிடிக்கும். ஆனா தனி ஆளா அதிக பட்டம் போலந்துக்காரர் புட்ஜியானோவ்ஸ்கிக்குத்தான், அஞ்சு.