இரண்டு பேர் போதுமா?

வேட்பாளரை நிறுத்தும் அதிகாரம் கட்சிக்கு உரியதா, தேர்தல் செலவுக்கு வரி கட்டும் வாக்காளருக்கு உரியதா என்ற கேள்விக்கு, கலிபோர்னியா மக்கள் 2010 ஜூனில் ஒரு விடை தந்தார்கள். ஏறக்குறைய 54 விழுக்காடு ஆதரவுடன் நிறைவேறிய 'முன்மொழிவு 14'இன்படி, மாநிலப் பதவிகளுக்கும் அமெரிக்க காங்கிரசுக்கும் எல்லாக் கட்சியினரும் ஒரே முதன்மைத் தேர்தலில், அதாவது இறுதித் தேர்தலுக்கு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்ட வாக்கெடுப்பில், போட்டியிடுவார்கள். முதல் இரண்டு இடம் பெறுபவர்கள், ஒரே கட்சியினராக இருந்தாலும், நவம்பர் தேர்தலுக்குச் செல்வார்கள். எதிலும் ஒத்துப்போகாத ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் இதை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றுபட்டன. வாக்காளர்களுக்கு அதுவே நல்ல பரிந்துரையாகத் தெரிந்திருக்கக் கூடும்.

எந்தக் கட்சியின் வேட்பாளரையும் எந்த வாக்காளரும் தேர்ந்தெடுக்கலாம் என்று 1996இல் மக்கள் ஏற்ற முந்தைய திறந்த முறையை, கட்சிக்கு வெளியே உள்ளவர்கள் அதன் வேட்பாளரைத் தீர்மானிப்பது கட்சியின் சங்க உரிமையை, அதாவது ஒத்த கருத்துடையோர் கூடி இயங்கும் உரிமையை, பறிப்பதாகும் என்று கூறி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000இல் ரத்து செய்திருந்தது. அதனால் புதிய விதி, யாரையும் கட்சியின் வேட்பாளர் என்று சொல்வதையே தவிர்த்தது. வாக்குச்சீட்டில் பெயரருகே இருப்பது அவருடைய 'கட்சி விருப்பம்' மட்டுமே. இந்தச் சாமர்த்தியத்தில் எனக்கு மறுப்பில்லை. தமக்குப் பிடித்தவரைக் கட்சிகள் தம் செலவில் ஆதரித்துக்கொள்ளலாம்.

என் மறுப்பெல்லாம் இரண்டு என்ற எண்ணைப் பற்றியது. 2012இல் சான் பெர்னார்டினோ பகுதியின் 31ஆம் காங்கிரஸ் தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் நால்வர் வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, குடியரசுக் கட்சியின் கேரி மில்லரும் பாப் டட்டனும் முதலிரண்டு இடங்களைப் பிடித்தார்கள். நவம்பரில் அதே தொகுதி அதிபர் பதவிக்கு ஒபாமாவைத் தெளிவாக ஆதரித்தும், காங்கிரசுக்கு ஒரு ஜனநாயகக் கட்சிப் பெயரைக்கூட அதன் வாக்காளர்கள் காணவில்லை. சீட்டில் இல்லாத பெயரைக் கையால் எழுதும் வாய்ப்பையும் நவம்பரில் இந்த விதி அடைத்துவிட்டது. 2016 செனட் தேர்தலில் நேர்மாறாக, கமலா ஹாரிசும் லோரெட்டா சான்செசும் என இரு ஜனநாயகக் கட்சியினரே மிஞ்சினார்கள். பசுமைக் கட்சி போன்ற சிறு கட்சிகளோ நவம்பர் சீட்டிலிருந்து ஏறத்தாழ மறைந்தேவிட்டன.

அலாஸ்கா 2020இல் ஏற்ற முறையில் நால்வர் முன்னேறுகிறார்கள். நவம்பரில் வாக்காளர் அவர்களை விருப்பப்படி வரிசைப்படுத்துகிறார்; யாருக்கும் பெரும்பான்மை இல்லையெனில், கடைசி இடத்தவர் நீங்கி, அவருக்கு விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்தவருக்குச் செல்கின்றன. இதுவே வரிசை வாக்கு. 2024இல் அதை நீக்கும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றது. அதே நாளில் இதையொத்த திட்டங்களை நெவாடா, ஐடஹோ, கொலராடோ மக்கள் நிராகரித்தார்கள் என்பதால், வரிசை வாக்கு எளிதில் விலைபோகும் சரக்கல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வாக்குப் பிரிவு தரும் விபத்துக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தென்படவில்லை.

கலிபோர்னியாவின் விதி மாநில அரசியல் சட்டத்தில் இருப்பதால், அதை மாற்ற மறுபடியும் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். அப்படி ஒன்று வந்தால், கட்சிகளிடமே பழைய அதிகாரத்தைத் திருப்பித் தரும் திருத்தத்தை நான் எதிர்ப்பேன். இரண்டை நான்காக்கி, வரிசை வாக்கையும் சேர்க்கும் திருத்தத்தை ஆதரிப்பேன்.