அரிசி போட்டால் குருவி வராது, புறாதான் வரும்

"குருவி பாவம்" என்று பால்கனிச் சுவரில் தினமும் இரண்டு கைப்பிடி அரிசி போடுகிறவர்கள் நம் நகரங்களில் ஏராளம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் குருவியைக் காணோம். ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் புறா அடைகாத்துக்கொண்டிருக்கும். அப்புறம் வலை கட்டுகிறவருக்குப் போன் போகும். வலை கட்டி முடித்ததும் அதே அரிசி மொட்டைமாடிக்கு இடம் மாறும். அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் "புறாத் தொல்லை தாங்க முடியலை" என்று புலம்புகிற வீடும் அரிசி போடுகிற வீடும் பல நேரம் ஒரே வீடுதான்.

என் கட்சி இதுதான்: ஒரு பறவைக்கு உதவ நினைத்தால், அது என்ன தின்கிறது என்று பார்க்காதீர்கள். அதன் குஞ்சு என்ன தின்கிறது என்று பாருங்கள். நகரத்தில் எந்தப் பறவை பெருகும், எது தேயும் என்கிற கணக்கில் முக்கால்வாசி அங்கே இருக்கிறது.

புறாக்குஞ்சு பால் குடித்து வளர்கிறது. ஆண், பெண் இரண்டுமே தங்கள் தீனிப்பையின் உள்சுவரிலிருந்து தயிர்க்கட்டி மாதிரி ஒன்றைச் சுரக்கின்றன. கொழுப்பும் புரதமும் நிறைந்தது. சுரக்க வைப்பது புரோலாக்டின், மனிதத் தாய்க்குப் பால் ஊற வைக்கும் அதே ஹார்மோன். குஞ்சு தன் அலகைப் பெரியதன் வாய்க்குள் நுழைத்துக்கொள்ளும். பெரியது கழுத்தைக் குலுக்கிக் குலுக்கி மேலே கொண்டுவந்து ஊட்டும். பார்க்கிறவர்களுக்குக் குஞ்சை விழுங்குவது போலத் தெரியும். முதல் சில நாள் இது மட்டும்தான் சாப்பாடு. பிறகு ஊறிய தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும். ஆகவே தாய்ப்புறாவுக்கு வெறும் அரிசியும் கோதுமையும் கிடைத்தால் போதும், அதுவே குஞ்சுக்குப் பாலாகிவிடும். பூச்சி தேட வேண்டாம், பருவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அதனால்தான் வருடம் முழுக்க முட்டை. ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை, 18 நாள் அடை, அதன் பிறகு ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும். அது பறப்பதற்குள்ளேயே அடுத்த ஈடு தொடங்குவதும் சகஜம். தீனி தட்டாத இடத்தில் வருடத்துக்கு ஐந்தாறு ஈடு.

சிட்டுக்குருவி தானியம் தின்கிற பறவைதான். ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவது புழு, அசுவினி (செடிச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி), சிலந்தி, சின்ன வெட்டுக்கிளி. அரிசி மலையாகக் குவிந்திருந்தாலும், பறந்து போய்வரும் தூரத்தில் புழு இருக்கிற செடி இல்லையென்றால் கூட்டில் குஞ்சு தங்காது. நீங்கள் போடும் அரிசி புறாக்குஞ்சுக்குப் போய்ச் சேரும், குருவிக்குஞ்சுக்குச் சேராது.

இதைச் சொன்னவுடன் யாராவது செல்போன் டவரை இழுப்பார்கள். 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஓரளவு நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று போதாது என்றும் சொன்னது. டவர் இல்லாத கிராமம் இன்று எங்கே இருக்கிறது? டவர் உள்ள கிராமங்களிலும் குருவி இருக்கத்தானே செய்கிறது. டவரைத் திட்டுவதில் ஒரு வசதி: நம் வீட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

குருவிக்கு என்ன வேண்டும் என்பதைக் குறுந்தொகையின் 46ஆம் பாட்டு, பட்டியல் போட்ட மாதிரி சொல்லிவிட்டது. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்னும், பொதுவிடத்தில் எருப்பொடியில் குடைந்து விளையாடும், வீட்டுக் கூரையின் இறவாரத்தில் குஞ்சுகளோடு தங்கும். தானியம், புழுதி, இறவாரம். இன்று தானியம் பாக்கெட்டில் வருகிறது, வாசல் முழுக்க சிமெண்டு, காங்கிரீட் வீட்டுக்கு இறவாரமே கிடையாது. பாட்டில் இல்லாத நாலாவது சங்கதி புழு. அந்தக் காலத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்காது.

புறாவுக்கு வருவோம். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தீனிதான் என்பதற்கு ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தைவிட நல்ல சாட்சி இல்லை. 1961இலிருந்து 1985 வரை அங்கே சுமார் 1 லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை 20,000 பக்கத்திலேயே நின்றது. செத்த இடத்தை அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் நிரப்பிவிட்டன. 1988இல் வழியை மாற்றினார்கள். தீனி போடாதீர்கள் என்று மக்களிடம் விடாமல் பேசினார்கள். புறாக்களுக்குக் கூண்டுமாடங்கள் கட்டி, அங்கே இடும் முட்டைகளை எடுத்தார்கள். நாலைந்து வருடத்தில் பாதியாகக் குறைந்தது. மும்பையில் 2025இல் மாநில அரசு புறாத் தீனிக்களங்களை மூடச் சொன்னபோது என்ன நடந்தது என்று எல்லோரும் செய்தியில் பார்த்தோம்: தாதர் பகுதியில் களத்தை மூடப் போட்ட தார்ப்பாயைக் கிழித்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. திடீரென்று ஒரே நாளில் மூடினால் சண்டைதான் வரும், புறாவும் பட்டினியில் அலையும். ஒரு புறா நாளைக்கு 30, 40 கிராம் தின்னும். அபார்ட்மெண்டில் தினம் 2 கிலோ கொட்டுகிறார்கள் என்றால் ஐம்பது, அறுபது புறா அதை நம்பி இருக்கிறது என்று அர்த்தம். வாரத்துக்கு கால் கிலோ வீதம் குறைத்து இரண்டு மாதத்தில் நிறுத்துங்கள். அவை வேறு இடம் பார்த்துக்கொள்ளும், முட்டையும் குறையும்.

உடம்புக்கு என்ன ஆபத்து என்பதில் இரண்டு பக்கமும் மிகை. தெருவில் புறாவைத் தாண்டிப் போவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் காய்ந்த எச்சமும் சிறகுத்தூளும் படுக்கையறை ஜன்னல் வழியாக வருடக்கணக்கில் உள்ளே வந்தால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். குருவி தன் குஞ்சின் எச்சத்தை அலகில் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போடும். புறாவுக்கு அந்தப் பழக்கம் அறவே கிடையாது. பத்துப் பன்னிரண்டு குச்சியில் தொடங்கும் கூடு, எச்சத்தையே சிமெண்டாக வைத்து ஈட்டுக்கு ஈடு உயர்ந்துகொண்டே போகும்.

அதைச் சுத்தம் செய்கிறவர்கள் செய்யும் முதல் தப்பு, விளக்குமாற்றை எடுத்து உலர்ந்தபடியே பெருக்குவது. தூள் மொத்தமும் மூக்குக்குள் போகும். அறைக்கதவு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, என்-95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்து 15 நிமிடம் ஊற விடுங்கள். பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகடு இதற்கு அருமையான கருவி. ஈரமாகவே சுரண்டிப் பையில் கட்டிவிட்டு, கடைசியில் ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலைக்கே போக வேண்டாம்.

வலை விஷயத்தில் ஒரு நுணுக்கம் யாரும் சொல்வதில்லை. புறாவைத் தடுக்க 50 மி.மீ. கண்ணி போதும். அதில் குருவி சுலபமாக நுழைந்து வரும். "சின்னக் கண்ணிதான் சார் ஸ்ட்ராங்" என்று கடையில் சொல்வதைக் கேட்டு 20 மி.மீ. கண்ணி போட்டால் குருவிக்கும் கதவைச் சாத்திவிட்டீர்கள். கண்ணியைவிட முக்கியம் இழுவிசை. ஓர் அடிக்கு ஒரு கொக்கி வேண்டும். காசை மிச்சம் பிடிக்க மூன்றடிக்கு ஒன்று அடித்தால் வலை தொய்ந்து, அதில் மோதும் பறவை காலோ இறக்கையோ சிக்கித் தொங்கும். கடலோர ஊரில் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி கேளுங்கள். வலையைக் கட்டும் பிளாஸ்டிக் டேக் வெள்ளையாக இருந்தால் ஒரு வருட வெயிலில் பொடிந்துவிடும், கறுப்பு வாங்குங்கள். புறா எப்போதும் புகுந்து வருவது கீழ் ஓரத்திலும் ஏசி குழாய் போகும் மூலையிலும்தான். வலை கட்டும் முன்பு உள்ளே கூடு இருக்கிறதா என்று ஏசிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்க்காமல் கட்டிவிட்டால் தாய் வெளியே முட்டிக்கொண்டு நிற்கும், குஞ்சு உள்ளே செத்து நாறும். முட்டை வந்துவிட்டது என்றால் ஐம்பது நாள் பொறுத்து, குஞ்சு பறந்த அன்றைக்கே சுத்தம் செய்து அடைத்துவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் அடுத்த ஈடு. முட்டை வரும் முன்பு என்றால் இன்னும் சுலபம்: ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவரும், பெண் உட்கார்ந்து அடுக்கும். காலையும் மாலையும் குச்சியை எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தால் சில நாளில் சலித்துப் போய்விடும்.

புறா விரட்ட விற்கிற மற்ற சாமான்களில் பாதி ஏமாற்று. அல்ட்ராசவுண்ட் பெட்டி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி எழுப்பும்; புறாவின் காது 10,000க்குள் முடிந்துவிடும். பிளாஸ்டிக் ஆந்தை மேல் நாலாம் நாள் புறா உட்கார்ந்திருக்கும். பழைய சிடி தொங்கவிடுவதும் அதே கதி. பசைக்களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், ஒட்டிக்கொண்டு சாவது பெரும்பாலும் சின்னப் பறவைகள். முள்பட்டை குறுகலான விளிம்புக்குச் சரி. அகலமான இடத்தில் முள்ளுக்கு நடுவே குச்சியைச் சொருகிக் கூடே கட்டிவிடும். விளிம்பின் மேல் 45 பாகைக்கு மேல் சரிவாக ஒரு பலகையோ தகடோ வைத்தால் புறாவால் நிற்க முடியாது. இதுவே எனக்குத் தெரிந்து மலிவான, யாரையும் காயப்படுத்தாத வழி.

புறாவுக்கு இவ்வளவு இடம் கொடுத்த நாம் காக்கையிடம் மட்டும் கறாராக இருக்கிறோம். அமாவாசைக்கு ஒரு கவளம், மற்ற நாளெல்லாம் கல். 1972 வனவிலங்குச் சட்டமே அதை எலி, சுண்டெலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் போனது. கோடையில் காக்கை தலையில் தட்டுகிறது என்றால் சனி பிடித்துவிட்டதாகப் பரிகாரம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் மேலே இல்லை, கீழே. பக்கத்துச் செடிமறைவிலோ கார் அடியிலோ, வால் குட்டையான, கண் நீலம் பாய்ந்த, வாய்க்குள் சிவந்த ஒரு குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டு நிற்கும். நீங்கள் அதை நெருங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். காக்கை பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பாயும். திரும்பி அதைப் பார்த்தபடி நகர்ந்தால் தயங்கும். பத்துப் பதினைந்து நாள் குடை பிடித்துப் போனால் விஷயம் முடிந்தது. கூட்டைக் கலைத்தால் இன்னொன்று கட்டி, கணக்கை முதலிலிருந்து தொடங்கும். கல் எறிவது இன்னும் மோசம்: அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் 2006இல் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து விட்டார்கள், வருடங்கள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் அவை கூடிக் கத்தின. அது வேறு இனக் காகம். ஆனால் நம்மூர்க் காக்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

குஞ்சு ரோட்டில் நின்றால் எடுத்துப் பக்கத்துப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு விலகுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. இறகே முளைக்காத குஞ்சென்றால் கூட்டில் திரும்ப வைக்கப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு இடைச்செருகல்: "காக்கை கரவா" என்று வள்ளுவர் சொன்னதைக் காக்கை முழுதாக ஒப்புக்கொள்ளாது. நல்ல கறித்துண்டு கிடைத்தால் கூவாமல் கொள்ளாமல் பூந்தொட்டி மண்ணிலும் ஓட்டிடுக்கிலும் ஒளித்துவைக்கிற ஆள்தான் அது.

கடைசியாக, நிஜமாகவே குருவி வேண்டும் என்கிறவர்களுக்கு. மரப்பெட்டி, அடிப்பாகம் 15க்கு 15 செ.மீ., நுழைவு ஓட்டை 32 மி.மீ., ஓட்டை அடியிலிருந்து ஒரு 12 செ.மீ. மேலே. ஓட்டையை ரொம்பப் பெரிதாக்கினால் மைனா எட்டிப் பார்க்கும். ஓட்டைக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் வசதி. எட்டு முதல் பத்தடி உயரத்தில், மதிய வெயில் படாத பக்கம். வீட்டுக்குள் என்றால் மின்விசிறி வழியில் வரக் கூடாது. குருவி கூட்டமாக வாழ்வது. ஒன்றுக்கு மூன்று பெட்டி மாட்டுங்கள். ஒரு அகலத் தட்டில் இரண்டு அங்குலம் உலர்ந்த மணல், குளிக்க. மருதாணி, செம்பருத்தி, முருங்கை, எது முடியுமோ அது, பூச்சிமருந்து அடிக்காமல். செம்பருத்தியில் அசுவினி வந்தால் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், அதுதான் குஞ்சுக்குக் காலை டிபன்.

அரிசி போட்டே ஆக வேண்டும் என்று கை ஊறினால் தட்டில் போடாதீர்கள். நெற்கதிர்க் கொத்து ஒன்றைக் கட்டி, பால்கனிக் கூரையிலிருந்து சுவரும் கம்பியும் எட்டாத மாதிரி அந்தரத்தில் தொங்கவிடுங்கள். குருவி கதிரைக் காலால் பற்றி, தலைகீழாகக்கூடத் தொங்கி, நெல்லை ஒவ்வொன்றாக உருவி உமியைக் கீழே துப்பும். புறாவுக்கு நிற்க இடம் வேண்டும். தொங்கித் தின்ன வராது. இரண்டு தடவை படபடத்துவிட்டுப் போய்விடும்.